பவுண்டில் அடைத்த மழை

அந்த வருடம் சித்திரை மூன்றாம் தேதி, சாயங்காலம் நாலு மணி வாக்கில், மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்த கோடை மழை ஒன்று மொக்கைச்சாமியின் வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து, இன்னும் பன்னிரண்டு நாளில் வெட்ட வேண்டிய எண்ணூறு தாரையும் மரத்தோடு சாய்த்துப் போட்டுவிட்டு, சாய்த்த களைப்போ என்னவோ, தன் வழியே போகாமல் தோட்டத்தின் தென்மூலையில் ஒரு காளைமாட்டின் அளவுக்குச் சுருண்டு நின்று வாழை இலையை நக்கிக்கொண்டிருந்தபோது, மொக்கைச்சாமி அதைக் கையும் களவுமாகப் பிடித்தார். அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்த மாட்டை எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். தோளில் கிடந்த கயிற்றை வீசி, மூக்கு இருக்கும் இடம் இதுதான் என்று ஒரு குத்துமதிப்பில் கட்டி, வெள்ளோடைப்பட்டியின் நடுத்தெரு வழியாக எல்லாரும் பார்க்க இழுத்துக்கொண்டு போய்ப் பவுண்டு வாசலில் நிறுத்தினார்.

பவுண்டு என்றால் ஊருக்கு மேற்கே ஆளுயர மதிலும் ஒரு இரும்புக் கதவும் கொண்ட கூரையில்லாத அடைப்பு. பயிரில் மேய்ந்த மாடுகளைக் கொண்டுவந்து அடைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. டிராக்டர் வந்து மாடுகள் குறைந்த பிறகு எட்டு வருடமாக அதற்குள் ஒரு கன்றுக்குட்டிகூட வந்ததில்லை. ஆனாலும் பஞ்சாயத்து அதை மூடவில்லை, சாவி செவனம்மா இடுப்பிலிருந்து இறங்கவுமில்லை. செவனம்மா எப்படிப்பட்ட ஆள் என்றால், ஒருமுறை சொந்தப் புருசனின் காளையே யாருடைய சோளத்திலோ வாய் வைத்துப் பவுண்டுக்கு வந்தபோது, புகார் சொன்னவர் வந்து விடச் சொல்லும்வரை மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்து, அந்த மூன்று நாளும் புருசனை அவர் தம்பி வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிய பொம்பளை. அந்த மனிதர் இன்று உயிரோடு இல்லை, அந்தக் கதை மட்டும் ஊரில் இருக்கிறது.

செவனம்மா வந்து பார்த்தாள். மழைதான். அதில் ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்ட வேண்டியிருந்தது. நிறம் என்ற இடத்தில் கருஞ்சாம்பல் என்றும், கொம்பு என்ற இடத்தில் இல்லை என்றும், அடையாளம் என்ற இடத்தில் உறுமும், வயிற்றில் வெளிச்சம் வரும் என்றும் எழுதினாள். சொந்தக்காரர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மொக்கைச்சாமி மதிலைப் பார்த்துக்கொண்டு, "எழுதிக்கங்க பவுண்டுக்காரம்மா. புகார் என்னோடது. நான் சொல்லாம இது வெளிய வரக்கூடாது" என்றார்.

இதில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். மொக்கைச்சாமி, செவனம்மாவின் கூடப் பிறந்த தம்பி. மூன்று வருடமாக அவர் அக்கா என்று கூப்பிடுவதில்லை. செவனம்மாவின் ஒரே மகள் தவமணியைத் தன் மகனுக்கு என்று மனசுக்குள் வைத்திருந்தார். அவளோ மலைமேல் ஆனைக்கல்மேட்டில் ரெண்டு ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருந்த குணசீலனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை, தாய்மாமன் சீரும் வரவில்லை. மாமன் சீர் வராத கல்யாணம் உப்பில்லாத சோறு என்று வந்த சனம் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனது. மொக்கைச்சாமியின் மகன் அதையெல்லாம் மறந்து திருப்பூரில் ஒரு பெண்ணைக் கட்டி ஒரு பிள்ளைக்குத் தகப்பனும் ஆகிவிட்டான். அப்பனுக்குத்தான் ஆறவில்லை.

பவுண்டுக்குள் வந்த உருப்படி வெளியே போக ரெண்டே வழி. சொந்தக்காரன் வந்து தண்டம் கட்டி ஓட்டிப் போக வேண்டும், இல்லை புகார் சொன்னவன் மனசு இறங்கி விடச் சொல்ல வேண்டும். மழைக்கு யார் சொந்தக்காரன் என்று டீக்கடையில் நாலு நாள் பேச்சு நடந்தது. அய்யனார்தான் என்றார் பூசாரி. அப்படியானால் அய்யனாரே வந்து கைநாட்டு வைத்துக் கூட்டிப் போகட்டும் என்றாள் செவனம்மா. பஞ்சாயத்து எழுத்தர் யோசித்துப் பார்த்து, யாருக்கும் பட்டா இல்லாததெல்லாம் புறம்போக்கு, ஆகவே இது புறம்போக்கு மழை என்றார். புறம்போக்கை யார் ஓட்டிப் போவது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டால் மனுக் கொடுக்கச் சொல்வார்.

அதற்குள் ஊர் மழையைப் பழகிக்கொண்டது. மதிலைத் தொட்டால் பானையைத் தொட்டதுபோல் ஜில்லென்றிருந்ததால், மத்தியானம் ஆனால் பாயும் பல்லாங்குழியுமாகப் பெண்கள் மதில் ஓரம் வந்து உட்கார்ந்தார்கள். கருவாடும் வற்றலும் வடகமும் எந்தப் பயமும் இல்லாமல் மொட்டைமாடிகளில் காய்ந்தன, மழைதான் பூட்டிக் கிடக்கிறதே. மதிலில் பாசி பிடித்தது, பாசியில் தவளை வந்தது, தவளையைப் பார்க்கப் பாம்பு வந்தது, பாம்பைப் பார்க்க ஊரே வந்தது. கால்நடை மருத்துவர் தன் குழாயை மதிலின்மேல் வைத்துக் கேட்டுவிட்டு, வயிற்றில் இடி நன்றாக ஓடுகிறது, செரிமானத்தில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கும் அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது, வந்த இடத்தில் அதற்கு ஒன்று ஆகிவிட்டால் பழி ஊருக்கல்லவா.

அந்த வருடத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் அந்த ஒரு மழைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மலையடிவாரத்துச் செங்கல் சூளைக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். இந்த மழை வெளியே இருந்திருந்தால் காயப்போட்ட பச்சைக்கல் ஒரு லட்சமும் சேறாகியிருக்கும் என்று சொல்லி மொக்கைச்சாமி கழுத்தில் மாலையைப் போட்டார்கள். மாந்தோப்புக்காரர்கள் வந்து, பிஞ்சு காயாகிக் காய் பறிக்கும்வரை இன்னும் இருபது நாள் மட்டும் வைத்திருங்கள் என்றார்கள். கடற்கரையிலிருந்து உப்பளத்துக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்து, மழை வராததால் பாத்தியெல்லாம் வெள்ளையாக விளைந்து கிடக்கிறது என்று கும்பிட்டு, மாட்டுக்கு உப்பு வைப்பது வழக்கம்தானே என்று ஒரு மூட்டை உப்பைப் பவுண்டுத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார்கள். கரிசல்காட்டுப் பருத்தி விவசாயிகளோ கண் கலங்க நின்றார்கள். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள், ஒரு மழை பெய்தால்தான் ஏர் இறங்கும், புழுதி கிளம்பும், இப்போது நிலம் பாறையாகக் கிடக்கிறது என்றார்கள். மொக்கைச்சாமி எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். என் வாழையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் செய்த தப்பு ஒன்று உண்டு, அதைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். பவுண்டில் அடைத்த வாயில்லா ஜீவனைப் பட்டினி போடக்கூடாது என்பது சட்டத்துக்கும் முந்திய வழக்கம். அதனால் செவனம்மா காலையில் ரெண்டு குடம், மாலையில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். பாவம் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். உப்பைத் தின்ற பிறகு அதற்குத் தாகம் கூடி ஊரே குடம் தூக்கியது. மழைக்குத் தண்ணீர் ஊற்றினால் மழை என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்தாம் நாள் அது மதிலுக்கு மேலே தலை நீட்டியது. பன்னிரண்டாம் நாள் ஊர்க்கிணற்றில் வாளி தரை தட்டியது, அன்று மதிலில் ஒரு விரிசலும் விழுந்தது. அந்த விரிசலைப் பார்த்த பிறகுதான், இது இங்கேயே உடைந்தால் மலையிலிருந்து கடல்வரைக்கும் பெய்ய வேண்டியதெல்லாம் எங்கள் நூற்றுப்பத்து வீட்டின்மேல் ஒரே நேரத்தில் விழும் என்று புரிந்து, பல்லாங்குழி ஆடியவர்கள் பாயைச் சுருட்டினார்கள்.

அதே பன்னிரண்டாம் நாள் முதல் பஸ்ஸில் தவமணி மலையிலிருந்து இறங்கி வந்தாள். வந்தவள் அம்மாவின் கையில் ஒரு காபிக் கிளையைக் கொடுத்தாள். கணுவுக்குக் கணு தீக்குச்சித் தலை மாதிரி மொட்டுகள் பச்சையாக ஒட்டியிருந்தன, சில மட்டும் நுனியில் பழுப்பேறியிருந்தன. காபிச் செடி அப்படித்தான். மொட்டை வைத்துக்கொண்டு கோடையில் ஒரு மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்தால் ஒன்பதாம் நாள் மலை வெளுக்கப் பூக்கும். பெய்யாவிட்டால் மொட்டு கருகி உதிர்ந்துவிடும், அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். போன வருடமும் உதிர்ந்துவிட்டது. இந்த வருடமும் உதிர்ந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு ரெண்டு பேரும் கரும்பு வெட்டத் தூரதேசம் போவதென்று குணசீலன் கூலிக்கு ஆள் பிடிப்பவனிடம் பேசி வைத்திருந்தான். இன்னும் மூன்று நாள், நாலு நாள் தாங்கும் என்றாள் தவமணி. மகள் கண்ணுக்கெட்டாத தூரம் போகப் போகிறாள் என்று கேட்டதும் செவனம்மா பவுண்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் சாவி இருந்தது. கதவு இருபதடி தூரத்தில் இருந்தது. அவள் அழுதாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சாவிதான் எங்கிட்ட இருக்கு. வாயி ஒம் மாமன்கிட்ட இருக்கு. அங்க போயிக் கேளு" என்றாள்.

மொக்கைச்சாமி தோட்டத்தில் இருந்தார். விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கிக் கட்டைகளை மட்டும் விட்டிருந்தார். அந்த நடுக்காட்டில் ஒரு வாழைச் சருகைப் பின்னுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தவர், அக்கா மகள் வரப்பில் வருவதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தவமணி பக்கத்தில் வந்து நின்றாள். காலடியில் பார்த்தாள். வெட்டிய கட்டை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கன்று முளைத்து, ஈட்டி மாதிரி சுருண்ட இலையோடு முழங்கால் உயரத்துக்கு நின்றது. வாழை விழுந்தால் விழுந்ததுதான், கிழங்கு விழுவதில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் கன்றுகளும் வாடத்தான் தொடங்கியிருந்தன.

மழையை விடச் சொல்லித்தான் வந்திருக்கிறாள், கெஞ்சட்டும், காலை ஆட்டிக்கொண்டு கேட்போம், பிறகு முடியாது என்போம் என்றுதான் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக அவர் அதற்குத்தான் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவள் கெஞ்சவில்லை.

"மாமா, நான் மழை கேட்டு வரல. எஞ் சீரக் கேட்டு வந்துருக்கேன். மூணு வருசமாச்சு. குத்துவெளக்கு வேணாம், பித்தளப் பான வேணாம். பவுண்டுல கட்டிக் கெடக்குல்ல, அதக் கொண்டாந்து என் வாசல்ல எறக்குங்க."

புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லியிருந்தால் மொக்கைச்சாமி மாட்டேன் என்றிருப்பார், அதற்கு வீம்பு இருந்தது. சீரைக் கேட்டவளுக்கு என்ன சொல்வது? அக்கா மகள் வாய் திறந்து கேட்ட சீரை இல்லை என்று சொன்ன தாய்மாமன் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. சருகு கையிலிருந்து நழுவியது. குனிந்து ஒரு கன்றின் அடியில் மண்ணை அணைத்துவிட்டார். பிறகு கோபம்போல ஒரு குரலில் கேட்டார்.

"ஒனக்கு எத்தன தட்டு வைக்கணும்?"

மறுநாள் காலையிலேயே நையாண்டி மேளம் வந்துவிட்டது. ஒன்பது தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ, காற்றில் விழுந்த தாரில் தேறியதைப் புகை போட்டுப் பழுக்க வைத்த வாழைப்பழம். ஒரு தட்டில் அரக்கு நிறப் பட்டுச்சேலை. அதை எப்போது எடுத்தீர்கள், கடைகூட இன்னும் திறக்கவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, மொக்கைச்சாமியின் சம்சாரம்தான் பதில் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்தது, பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காய வைப்பார் என்றாள். அந்தச் சேலையைத் தட்டில் பார்த்தபோது செவனம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பவுண்டு வாசலில் நின்று மொக்கைச்சாமி, "தெறந்துருங்க" என்றார். அப்போதும் அக்கா என்று சொல்லவில்லை. செவனம்மா பூட்டைத் திறந்தாள். ஊர் நாலடி பின்னால் நகர்ந்தது. கதவோ சின்னது, மழையோ பெரிது, அதனால் அது இடியாப்ப உரலிலிருந்து வருவதுபோல இழை இழையாக வெளியே வந்து, தெருவில் திரும்ப ஒன்றுசேர்ந்து, பழைய மூக்கணாங்கயிற்றை அவரிடமே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கயிற்றைப் பிடித்தார். மேளம் முழங்கியது. முன்னால் மாமன், அவர் கையில் மழை, பின்னால் ஒன்பது தட்டு, அதன் பின்னால் நாங்கள் எல்லாரும்.

வழியில் யார் மறிப்பார்களோ என்று எங்களுக்குப் பயம் இருந்தது. சூளைக்காரர்கள் தடிக்கம்போடு ரோட்டில்தான் நின்றிருந்தார்கள். ஆனால் மேளத்தைக் கேட்டதும் என்ன என்று விசாரித்தார்கள். தாய்மாமன் சீர் போகிறது என்று சொன்னோம். சீர் போகும் வழியில் குறுக்கே நிற்பவன் வீட்டில் அடுத்த மூன்று தலைமுறைக்கு மேளச் சத்தம் கேட்காது என்பது அவர்களுக்கும் தெரியும். கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பச்சைக்கல்லின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். மூடி முடிக்கும்வரை மொக்கைச்சாமியும் மழையை அடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாந்தோப்புக்காரர் ஒருவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி வழிவிட்டார், கூடவே சீருக்கு என்று ஒரு கூடை மாங்காயும் வைத்தார். அதன்பிறகு ஒன்பது தட்டு பத்தாகி இரட்டைப்படையில் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு முழு மைல் தூரம் பெண்களுக்குள் சண்டை நடந்தது, கடைசியில் மாங்காயோடு இன்னொரு தட்டில் உப்பை வைத்துப் பதினொன்றாக்கினார்கள்.

பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மழை கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது, கயிறு அவர் கையை அறுத்தது, அவர் விடவில்லை. ஆனைக்கல்மேட்டில் தவமணி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். மாமனுக்கு ஒரு சுற்று, மழைக்கு ஒரு சுற்று என்று எடுத்து, ரெண்டு பேருக்கும் பொட்டு வைத்தாள். மழைக்கு வைத்த பொட்டு எங்கே நின்றது என்று கேட்காதீர்கள், நின்றது. மொக்கைச்சாமி மழையைத் தோட்டத்து நடுவில் நின்ற சில்வர் ஓக் மரத்தடிக்குக் கொண்டுபோய், மூக்கணாங்கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அதனிடம், "என் தோட்டத்துல பண்ண மாதிரி இங்க பண்ணிப்புடாத. இது பிள்ள வீடு" என்றார்.

அது பண்ணவில்லை. ஒரு இலை கிழியாமல், ஒரு கிளை முறியாமல், காற்றே இல்லாமல், ரெண்டு மணி நேரம் நின்று பெய்தது. சீர் கொண்டுவந்த சனம் ஒருவரும் உள்ளே ஒதுங்கவில்லை. பன்னிரண்டு நாள் வெக்கையும் பயமும் உடம்பைவிட்டுக் கழுவிப் போகிறதை அப்படி நின்று அனுபவித்தோம். குணசீலன் செடிக்குச் செடி ஓடி ஓடி மொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மொக்கைச்சாமி மட்டும் அக்கா மகள் வீட்டுக் கூடத்தில் முதல்முறையாக உட்கார்ந்து, அவள் கொடுத்த பால் இல்லாத காபியை முகத்தைச் சுளிக்காமல் குடித்து, கசப்பாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டார்.

பெய்தது போக மீதி மழை மலையை விட்டுக் கிழக்கே இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஊர் ஊராகச் செய்தி வந்தது. கரிசல்காட்டில் ஒரு உழவுக்குப் பெய்து புழுதி கிளம்பியது. சூளைப் பக்கம் தார்ப்பாய் நனையும் அளவுக்குத் தூறியது. மாந்தோப்பில் பத்துக் கூடை உதிர்ந்தது, தாங்கக்கூடிய சேதம்தான். உப்பளத்தின்மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லையாம், அப்படியே வளைந்து கடலுக்குள் போய்ப் பெய்ததாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது மனிதனுக்கு மட்டும் சொன்னதில்லைபோல.

ஒன்பதாம் நாள் மலை பூத்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே மேற்கே ஒரு வெள்ளை வேட்டி காய்வது தெரிந்தது, காலைக் காற்றில் அந்த வாசம் இறங்கி வந்து டீக்கடைவரை நின்றது. குணசீலன் கரும்பு ஆளுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான். பூவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொக்கைச்சாமி அன்று மலையேறியிருந்தார். சாயங்காலம் அவர் இறங்கி வந்தபோது பவுண்டு மதிலில் விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த செவனம்மா நிமிர்ந்து பார்த்தாள். தம்பி வெறுங்கையாக வரவில்லை. அதே கயிறு கையில் இருந்தது, கயிற்றின் முனையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு சின்ன மழை துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தது. சீர் வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தவமணி அதை அந்த மரத்தடியிலேயே பிடித்துக் கட்டி, ஒன்பது நாள் வைத்திருந்து கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

பழக்க தோசம், செவனம்மா கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்துவிட்டாள். அடைக்க வேண்டியதா, யாருடையது என்று பேனாவோடு கேட்டாள்.

மொக்கைச்சாமி நின்றார். அந்தச் சின்ன மழை அவர் காலை நக்கிக்கொண்டிருந்தது. தெற்கே அவர் தோட்டத்தில் எண்ணூறு கன்றும் வாய் திறந்து காத்திருந்தன.

"நம்ம வீட்டு உருப்படி, அக்கா" என்றார்.

சொல்லிவிட்டுக் கன்றை ஓட்டிக்கொண்டு போனார். செவனம்மா பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். சொந்தக்காரர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் தெளிவாக ஒரு சொட்டு விழுந்திருந்தது, அது மழைதான் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள்.